மூத்திரமும் அடக்கமும்

'பயத்துல மோண்டுட்டான்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், ஊரில் அவன் கதை முடிந்தது. கோழையைச் சொல்ல நம்ம பாஷையில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. கைப்பிள்ளை மடியில் மோண்டால் சிரிக்கிறோம். ஈரமான வேட்டியைப் பெருமையாகக் காட்டுகிற தாத்தாக்களும் உண்டு. அந்தத் தாத்தாவின் வேட்டி அவர் மூத்திரத்தாலேயே நனைந்தால் வீட்டில் ஒருத்தரும் சிரிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கட்டில் திண்ணைக்குப் போகிறது, பிறகு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போகிறது.

தமிழில் 'அடக்கம்' என்கிற சொல் பல வேலை பார்க்கிறது. மூத்திரத்தை அடக்குகிறோம். பெரிய மனுசர் முன்னால் அடக்கமாக இருக்கச் சொல்கிறார்கள். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். எதிர்த்துக் கேட்கிறவனை அடக்குகிறார்கள். செத்தவரை அடக்கம் பண்ணுகிறோம். இந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மானம் யாருக்கு உண்டு என்று இந்தச் சமூகம் நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். தன்னை அடக்கத் தெரிந்தவனுக்கு உண்டு. மற்றவனை அடக்க முடிந்தவனுக்கு இன்னும் கூடுதலாக உண்டு. அப்படியானால் மூத்திரத்தை அடக்க முடியாமல் போன ஒருத்திக்கு மானம் போய்விட்டதா? நமக்கு இது முக்கியமான கேள்வி. மூத்திரத்தையும் மலத்தையும் காட்டித்தான் நம்மை மானமில்லாதவர்கள் என்று இத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

1

முதலில், அடக்குவது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் பக்கம் சீவலப்பேரி. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேருகிற இடம். முக்கூடற்பள்ளு பிறந்த மண் இது என்று தமிழாசிரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளில் மழை வருகிறது, வெள்ளம் வருகிறது, நெல்வகை வரிசையாக வருகிறது. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிற கட்டமும் வருகிறது. வகுப்பறையில் அந்த இடத்துக்குச் சிரிப்பார்கள். காலில் கட்டை மாட்டியவன் ஒண்ணுக்கு எப்படிப் போனான் என்று யாரும் கேட்பதில்லை.

தொழு போய்விட்டது. வரப்பு இருக்கிறது. நடுகைக்கு இறங்கிய பெண் குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறாள். நிரையை விட்டு அவள் எழுந்து போனால் பக்கத்தில் நிற்கிறவள் அவள் பங்கையும் சேர்த்து நட வேண்டும். வரப்பில் குடைபிடித்து நிற்கிற ஆள் "என்னளா, அதுக்குள்ளயா?" என்பார். போனாலும் மறைவு கிடையாது. ஆகவே அவள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். பீடி சுற்றுகிறவளுக்கு வயல் இல்லை, வீட்டுத் திண்ணைதான். ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் எண்ணிக்கை முடிகிறவரை எழுந்திருக்க மனசு வராது. வீட்டில் கக்கூஸ் இல்லாத பெண், விடியுமுன் ஒருதரம், இருட்டின பிறகு ஒருதரம் என்று உடம்பைப் பழக்கி வைத்திருந்தாள். அந்தப் பழக்கத்தை 'அடக்கமான பொம்பளை' என்று ஊர் மெச்சிக்கொண்டது.

உடம்பு அதற்கெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டித்துப் பையின் உட்சுவரை உறுத்தும். மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி தங்கும். பேறுகாலத்தில் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் விரிந்து தளர்கின்றன. அவை இறுகுவதற்குள் தலையில் கதிர்க்கட்டு ஏறினால் தளர்ந்தது தளர்ந்தபடி நின்றுவிடும். பிறகு இருமினால் ஒழுகும், தும்மினால் ஒழுகும், குடத்தைத் தூக்கினால் ஒழுகும். சிலருக்குக் கர்ப்பப்பையே கீழிறங்கும். இந்த நோய் பணக்காரருக்கு வராது என்று சொல்ல வரவில்லை. சர்க்கரை, பக்கவாதம், முதுகெலும்பில் அடி, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் என்று எந்தச் சாதிக்கும் எந்தத் தெருவுக்கும் இது வரும். ஆனால் பிள்ளை பெற்ற கையோடு கட்டுச் சுமக்க அனுப்பப்படுகிறவள் யார் என்று கேட்டால் பதில் எல்லாத் தெருவிலும் ஒன்றாக இருக்காது.

எங்கள் பெரியம்மை ஒருத்தி அறுபது வயதுக்கு மேல் கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டாள். பஸ் ஏறுவதை விட்டாள். கோயில் கொடைக்கு வராமல் வீட்டிலேயே இருந்துகொண்டாள். கோவிச்சுக்கிட்டா என்று சொந்தபந்தம் நினைத்தது. கடைசியில் மகளிடம்தான் சொன்னாள்: "ஒடம்பு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. எந்திரிச்சா சீலை நனைஞ்சிருது. மருமவளுக்குத் தெரிய வேண்டாம்ளா." ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு, "வயசாயிட்டுல்லா பாட்டி" என்று ரெண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள்.

வயசு என்பது பதில் ஆகாது. இடுப்பு அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்கிற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவது போல அந்தத் தசையை இறுக்கி, சில எண்ணிக்கை பிடித்திருந்து, விட வேண்டும். ஒரு நாளைக்குப் பலதடவை, மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பலருக்கு ஒழுக்கு குறைகிறது. குறையாதவர்களுக்கு மருந்து உண்டு, அறுவைச் சிகிச்சை உண்டு. காலணா செலவில்லாத அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க ரெண்டு நிமிசம் ஆகும். அந்த ரெண்டு நிமிசம் பெரியம்மைக்குக் கிடைக்கவில்லை.

2

அடுத்து, அசிங்கம் மூத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

1927 மார்ச் 20 அன்று மஹாத் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அவரோடு வந்த தீண்டப்படாத மக்களும் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் பிற்பாடு அதைச் சுத்தம் பண்ணினார்கள். எதைக்கொண்டு? பாலும் தயிரும் சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்த குடங்களைக் கொட்டி. மனுசன் கைபட்ட தண்ணீரை மாட்டு மூத்திரம் சுத்தமாக்கியது! ஆகவே மூத்திரம் என்கிற திரவத்தில் சுத்தமும் இல்லை, அசுத்தமும் இல்லை. யாருடையது, யார்மேல் படுகிறது என்பதை வைத்து ஒரு சட்டம் அதற்குப் பேர் வைக்கிறது. ஒன்று கோமியம், ஒன்று தீட்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 அக்டோபர் கடைசியில், நம்ம தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலி மணிமூர்த்தீஸ்வரம் பக்கம், ரெண்டு தலித் இளைஞர்களை ஒரு கும்பல் மறித்துச் சாதி கேட்டு அடித்து, அவர்கள்மேல் மூத்திரம் பெய்தது என்று வழக்குப் பதிவாகி ஆறு பேர் கைதானார்கள். இதையும் பெரியம்மையையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். அவள் மூத்திரம் அவளை மீறி வந்தது. யார்மேலும் படவில்லை. அவள் வெட்கப்பட்டு வருசக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தாள். இன்னொரு பக்கம், முழு நினைவோடு, முழு அடக்கத்தோடு, எப்போது யார்மேல் பெய்வது என்று தீர்மானித்துப் பெய்த மூத்திரம். வெட்கம் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்? ஊர்ப் புத்தி அதை அடி வாங்கினவன் தலையில்தான் கட்டிவிடுகிறது. 'இனி எப்படி வெளியில முகத்தைக் காட்டுவான்' என்று அவனைப் பற்றித்தான் பேசுகிறது.

என் வாதம் இதுதான். மானத்துக்கும் மூத்திரப்பைக்கும் சம்பந்தமில்லை. தன் உடம்புக் கழிவை வைத்து இன்னொரு மனுசனை என்ன செய்கிறோம் என்பதில்தான் மானம் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது.

3

தமிழ்நாட்டு மேடைகளில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. பெரியாரோடு நமக்கு எத்தனையோ விவாதம் இருக்கலாம். அது வேறு. கடைசிக் காலத்தில் அவர் உடம்பில் மூத்திரக்குழாய் பொருத்தப்பட்டிருந்தது. மூத்திரம் சேருகிற பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பேசியது அவருடைய கடைசிக் கூட்டம். நடுவில் வலி தாங்காமல் அரற்றி, நிறுத்தி, திரும்பப் பேசினார். பேசியது இழிவு ஒழிப்பைப் பற்றி. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று வேலூரில், 94 வயதில் இறந்தார்.

மூத்திரத்தை அடக்க முடியாதவருக்குப் பேச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றவில்லை. பாத்திரத்தை மறைத்து வைத்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதைப் பார்த்துச் சனங்கள் எழுந்து போய்விடவும் இல்லை. உடம்பு கட்டுப்பாட்டை இழந்த ஒருவர் பொது இடத்தில் முழு மனுசராக நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

ஆனால் இதே சாட்சி இன்னொரு கேள்வியையும் கேட்க வைக்கிறது. அந்தக் குழாயை யார் கழுவியது? பாத்திரத்தை யார் கொட்டியது? மணியம்மையார் அவருக்குத் தாதியாக இருந்து பார்த்துக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். மேடையில் நின்றவர் பேர் வரலாற்றில் இருக்கிறது. பாத்திரத்தைக் கழுவிய வேலையை வரலாறு வேலையாகவே எண்ணவில்லை. தலைவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. படுக்கையில் கிடக்கிறவரின் ஈரத் துணியை மகளோ மருமகளோதான் அலசுகிறாள்.

நம் தெருக்களில் இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. பேறுகாலத் துணியையும் தீட்டுத் துணியையும் வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். பள்ளரும் பறையரும் அவர்களைத் தெருவின் ஓரத்தில் வைத்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் அந்த வாழ்க்கையை எழுதியபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. நம்மைத் தீட்டு என்று சொன்னவனை எதிர்க்கிறோம், சரி. நம்ம தீட்டை யார் தலையில் வைத்தோம் என்றும் பேசத்தான் வேண்டும்.

4

இப்போது டயப்பர் வந்துவிட்டது. கடையில் 'பெரியாளுக்கு உள்ள பேம்பர்ஸ்' என்று கேட்கிறார்கள். பேம்பர்ஸ் ஒரு கம்பெனியின் பேர், அதுவே சாமானுக்கும் பேராகிவிட்டது. உள்ளே மரக்கூழும், ஈரம் பட்டதும் உறிஞ்சிக் களிபோல ஊதுகிற ரசாயன மணிகளும், வெளியே பிளாஸ்டிக் உறையும் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு ஒருவர் பஸ்ஸில் போகலாம், கூட்டத்தில் உட்காரலாம், இரவில் தூங்கலாம். இது சின்ன விசயம் இல்லை. கண்ணாடி போடுகிறதும் கம்பு ஊன்றுகிறதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். இதில் கேலிக்கு எதுவும் இல்லை.

ஆனால் விலையைப் பாருங்கள். ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. மாதம் முழுக்க அந்தப் பணத்தை அப்படியே கொடுத்தால் நாளைக்கு ஒன்று வாங்கலாம். அரிசி, வெத்தலை, மாத்திரை எதுவும் கிடையாது. சானிட்டரி நாப்கினுக்கு 2018-ல் ஜி.எஸ்.டி. நீங்கியது. அதற்காகப் பெண்கள் குரல் கொடுத்தார்கள். பெரியவர்கள் டயப்பருக்கு 12 சதவீதம் அப்படியே தொடர்ந்து, 2025 செப்டம்பரில்தான் 5 ஆனது. வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறவர்களுக்காக ஊர்வலம் போக ஆளில்லை.

அடுத்து, கழற்றிய டயப்பர் எங்கே போகிறது? கறுப்புப் பையில் சுருட்டி, ராத்திரியில், தெருமுனையில். கக்கூஸில் போட்டால் ஊதிப்போய்க் குழாயை அடைக்கும். அடைத்த சாக்கடையில் யாரை இறக்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களைப் பாதுகாப்பில்லாமல் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறங்கிச் செத்தால் முப்பது லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. சாவுக்கு விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. ஆற்றில் எறிந்தால்? திருநெல்வேலி நகரத்தைக் கடந்துதான் ஆறு சீவலப்பேரிக்கு வருகிறது. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாகக் கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் போகிறது.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் டயப்பரையும் நாப்கினையும் தனியாகப் பொதிந்து கொடுக்கச் சொன்னது, பொதியும் உறையைத் தயாரிக்கிற கம்பெனியே தர வேண்டும் என்றும் சொன்னது. எத்தனை பாக்கெட்டில் அந்த உறையைப் பார்த்திருக்கிறீர்கள்? கடைசியில் குப்பையைத் தரம் பிரிக்கிற அருந்ததியப் பெண்ணின் கையில், பல இடங்களில் கையுறைகூட இல்லாத கையில், அது பிரிகிறது. ஒருவர் மானத்தைக் காப்பாற்றிய பொருள் இன்னொருத்தியிடம் போய்த் தீட்டாகிறது. உலர் கக்கூஸ் காலத்து ஏற்பாடு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது.

"அப்ப கட்டவே கூடாதா தோழர்?" என்று ஒரு மாணவர் கேட்டார். கட்டத்தான் வேண்டும். கழற்றிய பிறகும் அது தன்னுடையதுதான் என்று நினைத்துக் கட்ட வேண்டும். மலத்தைக் கக்கூஸில் தள்ளிவிட்டு, மூத்திரத்தைச் சுருட்டி, தாளில் பொதிந்து, மேலே ஒரு அடையாளம் போட்டு, பகலில், கையில் கொடுக்க வேண்டும். 'இதுல டயப்பர் இருக்கு' என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்படுகிறவர் தன் வெட்கத்தை வாங்குகிறவள் கையில் கட்டிவிடுகிறார். படுக்கையில் கிடக்கிறவரால் இது முடியாது என்றால் வீட்டு ஆண்கள் செய்யட்டும்.

மிச்சம் தனி ஆள் செய்கிற காரியமில்லை. வயல்வேலைக்கும் நூறு நாள் வேலை மாதிரியான பொதுவேலைக்கும் பெண்கள் போகிற இடத்தில் மறைவும் தண்ணீரும் கேட்க வேண்டும், ஒண்ணுக்குப் போகிற நேரத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது என்று கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தது. அப்படி வீட்டுவாசலுக்கு வருகிற பெண் 'மூத்திரம் ஒழுகுதா?' என்றும் கேட்க வேண்டும், பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், டயப்பரும் கொடுக்க வேண்டும். அதை அள்ளுகிறவருக்குக் கையுறையும் நிரந்தர வேலையும், எரிக்கிற செலவுக்குக் கம்பெனியும் பொறுப்பாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்பதற்கு முதலில் நம் கூட்டங்களில் 'மூத்திரம்' என்கிற சொல் வர வேண்டும். சாதிக்கொடுமை பேசுகிற மேடையில் ரத்தம் வருகிறது, கண்ணீர் வருகிறது. வயசான பெண்ணின் நனைந்த சீலை வருவதில்லை. அதைச் சொன்னால் நம்மை இன்னும் கேவலமாக நினைப்பார்கள் என்று பயப்படுகிறோம். யார் நினைப்பார்கள்? மாட்டு மூத்திரத்தில் குளத்தைக் கழுவியவர்களா? அவர்கள் சர்டிபிகேட் நமக்கு எதுக்கு?