நம்பாதவனின் எள்ளும் தண்ணீரும்

ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கூடுகிறார்கள். கடலில் முழுகி, கேணியில் குளித்து, ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்து, நகுலேஸ்வரரை வணங்கி வீடு திரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு நம்பிக்கை இருப்பதில்லை. தந்தையின் ஆவி அந்த நீரை ஏற்கும் என்று உறுதியாக நம்புகிறவர் உண்டு. ‘இருந்தாலும் இருக்கும்’ என்பவர் உண்டு. கடவுளே இல்லையென்று ஊரெல்லாம் வாதாடிவிட்டு, தாய் சொன்னதற்காக வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பவரும் உண்டு. இந்த மூன்றாமவர் செய்வது சரியா? நம்பாத ஒன்றைச் செய்வது பொய்யா, கடமையா?

பொய்தான் என்பவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கேரளத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1978இல் அவர் காலமானபோது சமயச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. கண்களையும் உடலையும் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லும் செயலும் ஒன்றாயிருந்த வாழ்வு அது. மேடையில் ஒன்று, கேணிக்கரையில் இன்னொன்று என்று இருப்பவர் அந்த வாழ்வின் முன் கூசத்தான் வேண்டும்.

ஆனாலும் உள்ளத்தில் இருப்பதை வெளியே காட்டாமையெல்லாம் ஒரே தரத்துக் குற்றம் அல்ல. யாழ்ப்பாணத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபின் கோயில்கள் இடிக்கப்பட்டன. கீரிமலைக் கோயிலும் தப்பவில்லை. அந்தக் காலத்தில் விரதச் சோறு உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் பார்க்க ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பதிவேட்டில் கிறிஸ்தவர், அடுப்படியில் சைவர் என்று பலர் வாழ்ந்தார்கள். இலையை மறைத்தவரின் பொய்க்குப் பழி, மறைக்க வைத்தவனைச் சேரும். உத்தியோகத்துக்காகப் பெயர் மாற்றியவரின் பொய்யில் அவருக்கும் பங்குண்டு. இரண்டிலும் சேராத ஒருவர் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தார். அந்தக் காலம் முழுவதும் சைவராகவே இருந்தார். அதை யாரிடமும் ஒளிக்கவில்லை. ஒருவர் நம்பாத சமயத்தின் வேலையில் கைவைப்பதாலேயே பொய்யராகிவிடுவதில்லை. அச்சத்தால் செய்கிறாரா, ஆதாயத்துக்குச் செய்கிறாரா, எல்லோரும் அறிய ஒளிக்காமல் செய்கிறாரா என்பதுதான் கேள்வி.

கீரிமலைக்கு வரும் நம்பாத மகன் இந்த மூன்றில் எங்கே நிற்கிறார்? ‘இதெல்லாம் வெறும் வழக்கம்தானே, இதில் உண்மை பொய் எங்கே வந்தது?’ என்று அவர் நழுவலாம். அந்த விடை செல்லாது. இலங்கை உள்நாட்டுப் போரின் முடிவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் இருந்து தங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் போராடினார்கள். அவர்களில் பலரை, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்யச் சொல்ல எவருக்கும் நா எழாது. செய்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைச் சொல்ல அவர்கள் ஆயத்தமில்லை. சடங்கு எதையோ சொல்லுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பிதிர்க்கடன் சொல்வது என்ன? ஒன்றல்ல, பல. இன்னார் என் தந்தை, அவர் இறந்துவிட்டார், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், உறவினர் முன் அந்தக் கடனை ஏற்கிறேன், இந்த நீர் அவரைச் சென்றடையும். இந்த ஐந்தில் கடைசி ஒன்றை மட்டுமே நம்பாத மகனால் மனமொப்பிச் சொல்ல முடியாது. மற்ற நான்கும் அவருக்கும் முழு உண்மை. ஐந்தாவதைத் தான் ஏற்கவில்லை என்பதைக் கேட்டவரிடம் ஒளிக்காமலிருந்தால், மற்ற நான்கையும் ஊரின் மொழியில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கேணியின் ஊற்று சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் என்று அறிந்தவர் அதில் முழுகக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை. அது தலபுராணக் கதையில் வரும் இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறிய தீர்த்தம் என்று நம்புகிறவரும் அதே நீரில்தான் முழுகுகிறார்.

எது குற்றம்? தாயின் மனத்துக்காகச் சடங்கு செய்கிறேன் என்று வந்துவிட்டு, ஐயரையும் பக்கத்தில் நிற்பவரையும் ஏளனமாகப் பார்ப்பது குற்றம். கோயில் நிருவாகத்தில் பதவி, தேர்தலில் வாக்கு, சம்பந்தம் பேச நல்ல பெயர் என்பவற்றுக்காகத் திருநீறு பூசுவது அதைவிடப் பெரிய குற்றம்.

நம்புகிறவர் பக்கமும் ஒரு சோதனை உண்டு. அது கீரிமலைக்கு அருகே மாவிட்டபுரத்தில் நடந்தது. அங்குள்ள கந்தசுவாமி கோயிலின் தீர்த்தத் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலையிலேயே நடைபெறும். 1968இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய் வழிபடும் உரிமை கேட்டு அந்தக் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வந்த வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அந்தக் காலப் போராட்டங்களை நடத்திய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் பொதுவுடைமைவாதிகள் இருந்தார்கள். கோயிலே வேண்டாதவர்களுக்குக் கோயில் கதவில் என்ன வேலை என்று கேட்பது எளிது. தாம் வணங்காத தெய்வத்தை வணங்க விரும்பிய இன்னொருவருக்காக அவர்கள் கேட்டார்கள். சுந்தரலிங்கமோ ஆகம மரபைக் காக்கிறேன் என்ற உறுதியோடு மறித்தார். நம்பிக்கையின் உறுதிக்கு மதிப்பெண் போடுவதாயிருந்தால் மறித்தவரே வெல்வார். அறத்தின் கணக்கில் அவர் தோற்றார்.

ஒருவர் நம்புகிறாரா இல்லையா என்பது அவருடைய நல்ல தன்மைக்கு அளவுகோல் ஆகாது. அவர் நிற்கும் இடத்தால் யாருக்கு இடம் மறுக்கப்படுகிறது, யார் ஏமாற்றப்படுகிறார் என்பதே அளவு. அரைநம்பிக்கையில் நிற்பதும் ஒரு நிலைதான். இரண்டில் ஒன்றைச் சொல் என்று அவரை நெருக்க உறவுக்கும் உரிமையில்லை, கட்சிக்கும் உரிமையில்லை.

ஆகவே, நம்பாத மகன் கீரிமலைக்குப் போகலாம். போக மனம் ஒப்பாவிட்டால், உயிரோடிருக்கும் தாயின் கையைப் பிடித்து அதை நேரே சொல்லட்டும். தந்தைக்குப் பட்ட கடனை வேறு வழியில் தீர்க்கட்டும். நம்புகிற தாயும் வராத மகனைத் தந்தையை மறந்தவன் என்று பழிக்காதிருக்கட்டும். அவரவர் நம்பிக்கைக்கு விடை அவரவரிடமே இருக்கிறது. அடுத்தவரை நடத்திய விதத்துக்கு மட்டும் ஊருக்கு விடை சொல்லியாக வேண்டும்.