போதை ஊசியும் பெற்றோர் கடமையும்



திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்துத் தாய் ஒருவர் நம்மிடம் ஒரு சங்கதி கேட்டனுப்பினார்கள். மகனுடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஊசி இருந்ததாம். "இவனுடைய அத்தாவுக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே விரட்டி விடுவார். ஒரு நிக்காஹ் முடித்து வைத்தால் திருந்தி விடுவானா, ஹஜ்ரத்?" என்பது அவர்களுடைய கேள்வி.

போதை தரும் வஸ்து எதுவாயினும் ஹராமே. கள்ளோ, கஞ்சாவோ, இப்போது வாலிபர்கள் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற வலி மாத்திரையோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஹுக்முதான். எனினும் ஊசிக்கென்று தனியாக ஒரு முஸீபத் உண்டு. ஒருவர் குத்திய ஊசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கி விடுகிறது. எச்.ஐ.வி. கிருமி அதில் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். தண்ணீரில் அலசினால் போய்விடாது. 1989-90-ல் மணிப்பூரில் ஊசி போட்டுக் கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைச் சில மாதங்களுக்குள் இக்கிருமி பற்றிக் கொண்டது.

நிக்காஹ் விஷயத்துக்கு வருவோம். "கால்கட்டுப் போட்டால் சரியாகி விடுவான்" என்று நம் வீடுகளில் வெகு சாதாரணமாகச் சொல்கிறோம். (திருந்திய மாப்பிள்ளைகளைவிட, நகையை இழந்த மருமக்களைத்தான் நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.) பையன் இரத்தத்தில் கிருமி இருந்து, சிகிச்சையும் இல்லையென்றால், ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரலாம். தானியக் குவியலின் ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியைப் பார்த்து, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஈரத் தானியத்துக்கே இந்த எச்சரிக்கை!

விரட்டவும் வேண்டாம். மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பப் பிடித்து வரப்பட்ட ஒருவரை, அங்கிருந்தவர் ஒருவர் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து விட்டார்கள். புகாரியில் வருகிறது இது. தண்டனை நிறைவேறியது, ஆளை யாரும் கைவிடவில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளை எங்கே போவான்? ஊசியைப் பகிர்ந்து கொள்ளும் அந்தக் கூட்டாளிகளிடம்தான்.

போதையை விட முடியாதவருக்குப் புது ஊசி கொடுப்பதும், மாற்று மருந்து கொடுப்பதும் பாவத்துக்குத் துணை போவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரு தீங்குகள் எதிர்ப்பட்டால் சிறியதைப் பொறுத்துப் பெரியதைத் தடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு விதி. மலேசியாவில் 2005-ல் மெத்தடோன் மருந்தும், 2006-ல் புது ஊசி வழங்குவதும் தொடங்கின. 2010-ல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம் நாட்டு அரசுத் திட்டத்திலும் இவ்விரண்டும் இருக்கின்றன.

அம்மா! திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்குக் காசு இல்லை. பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். மகனுடைய சம்மதத்தோடு அழைத்துப் போங்கள். புதிதாகத் தொற்றிய கிருமி உடனே தெரியாது என்பதால் மூன்று மாதம் கழித்தும் பார்க்க வேண்டும். கிருமி இருந்தாலும் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிடுபவர் நீண்ட நாள் வாழ்கிறார். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விவரம் கேட்கலாம்.

அவனுடைய அத்தாவிடம் நாம் பேசுகிறோம். மருத்துவமனைக்கு அவரும் கூட வரட்டும்.