அணிவார் இல்லாக் கடிகாரம்

ஒரு பொருளை உடைமையாகக் கொள்வது வேறு. அதனோடு வாழ்வது வேறு. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றெனவே கருதிவிடுகிறோம். விலை கொடுத்த அந்நொடியிலேயே பொருள் நமதாகிவிட்டது என்று அமைதி கொள்கிறோம். ஆயினும், வாங்கிய பின்னரும் "நீ என்னோடு இருக்கின்றாயா?" என்று நாள்தோறும் நம்மை வினவும் பொருள் ஒன்று உண்டு. தானியங்கிக் கைக்கடிகாரமே அது. அணிந்தால் ஓடும், கழற்றி வைத்தால் சிலபொழுதில் நின்றுவிடும். அவ்வினாவுக்கு நாம் விடை கூறாமலேயே அக்கடிகாரத்தை ஓடச்செய்யும் கருவி ஒன்றும் இன்று விற்பனைக்கு வந்துள்ளது. அக்கருவியை நான் கண்ட இடமும், அதனால் எழுந்த எண்ணங்களுமே இக்கட்டுரை.

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை தெற்கு மாவட்டத்தில் அவ்வூர் உள்ளது. ரப்பரும் செம்பனையும் நிறைந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்து நிற்கின்றன. அண்மையிலுள்ள பத்து காவானைத் தீவோடு இணைக்கும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின்னர் அம்மாற்றம் மேலும் விரைந்தது. அங்குப் புதுமனை ஒன்றில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை விருந்துக்கு அழைத்திருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று, இன்று நல்ல பதவியில் இருப்பவர்.

அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவிட்ட கருநிறப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் ஆறு கைக்கடிகாரங்கள், சிறு மெத்தைகளில் பொருத்தப்பட்டு, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன, சற்று நின்றன, மீண்டும் சுழன்றன. ஐந்து கடிகாரங்கள் சுவிட்சர்லாந்து நாட்டின் விலையுயர்ந்த ஆக்கங்கள். ஆறாவது, கண்ணாடியெல்லாம் கீறல் விழுந்த பழைய சீக்கோ.

"இஃது அப்பாவுடையது, ஐயா" என்றார் மாணவர். "பால்மரம் சீவிய காசில் சீட்டுக் கட்டி வாங்கினார். அவர் இறந்த இரண்டாம் நாள் இது நின்றுவிட்டது. அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இதற்காகத்தான் முதலில் இந்தப் பெட்டியையே வாங்கினேன். மற்றவை பிறகு வந்தவை."

அவர் கூறியதன் ஆழம் விளங்க, இவ்வகைக் கடிகாரத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில் நம் விரல்களே உள்ளிருக்கும் சுருள்வில்லை முறுக்குகின்றன. தானியங்கிக் கடிகாரத்தில் அப்பணியை அரைவட்ட வடிவான ஓர் எடைத்தகடு செய்கிறது. அணிந்தவர் கையை வீசினாலும் மடக்கினாலும் அத்தகடு அசைந்து வில்லை முறுக்கும். இம்முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே சட்டைப்பைக் கடிகாரங்களில் தொடங்கியது. கைக்கடிகாரத்துக்கு ஏற்ப அதனை அமைத்து 1924இல் காப்புரிமை பெற்றவர் ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர். 1931இல் ரோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் தகட்டைக் கொண்டுவந்தது. முழுதும் முறுக்கேறிய வில் ஏறத்தாழ 40 மணிநேரம் ஓடும். இக்கால ஆக்கங்கள் சில 70 மணிநேரத்தையும் கடக்கும். அதன்பின் கை அசையாவிடில் கடிகாரமும் அசையாது.

ஆதலின் தானியங்கி என்னும் பெயரே சற்றுப் பொய்யானது எனலாம். அது தானாக இயங்குவதில்லை. அணிந்தவரின் நடையிலும் உழைப்பிலும் ஒரு துளியைப் பெற்று, அதனைக் காலமாக மாற்றித் தருகிறது. மின்சாரத்தால் சுழலும் பெட்டி செய்வது யாது? நாளொன்றுக்கு ஏறக்குறைய 650 முதல் 900 சுற்றுகள் வரை கடிகாரத்தைச் சுழற்றுகிறது. எடைத்தகடு புவியீர்ப்பால் கீழ்நோக்கியே நிற்க, கடிகாரம் அதனைச் சுற்றித் திரும்ப, வில் முறுக்கேறுகிறது. யாரோ அணிந்திருக்கிறார் என்று கடிகாரம் ஏமாற்றப்படுகிறது. கை இல்லாத இடத்தில் கை இருப்பதாக நடிப்பதே அப்பெட்டியின் தொழில்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். அவர் கூற்றையும் நாம் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். நாள், கிழமை, திங்கள், நெட்டாண்டு ஆகிய அனைத்தையும் தானே கணித்துக் காட்டும் நாட்காட்டிக் கடிகாரங்கள் உள்ளன. அவை ஓடிக்கொண்டே இருந்தால் 2100ஆம் ஆண்டு வரை திருத்தம் வேண்டுவதில்லை; நின்றுவிட்டாலோ மீண்டும் சரிசெய்வது நுட்பமான வேலை. அத்தகைய கடிகாரத்துக்குப் பெட்டி உண்மையிலேயே உதவுகிறது. ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் உறைந்துவிடும் என்று கூறுவாரும் உளர். பழங்கால எண்ணெய்களுக்கு அவ்வச்சம் பொருந்தும். இக்காலச் செயற்கை எண்ணெய்கள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. ஓயாது ஓடுவதால் உறுப்புகள் தேய்வதும் உண்டு. எனவே பெரும்பாலான கடிகாரங்களுக்குப் பெட்டி இன்றியமையாதது அன்று. உரிமையாளரின் வசதிக்காகவே அது சுழல்கிறது.

அவ்வசதி ஏன் வேண்டப்படுகிறது? கடிகாரங்கள் ஆறு, கடிகாரம் கட்டும் கையோ ஒன்று. விடை இவ்வளவே. நாடாளும் மன்னனுக்கும் காட்டில் விலங்கு தேடித் திரிபவனுக்கும் உண்ணும் அளவும் உடுக்கும் அளவும் ஒன்றே என்று நக்கீரனார் புறநானூற்றில் எண்ணிப் பார்த்தார். யாருக்கும் பயன்படாது கிடக்கும் பொருளைக் குறித்து வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். துய்ப்புக்கு உடலே எல்லை வகுத்திருக்கிறது. ஆசைக்கு அவ்வெல்லை இல்லை. வியப்பு யாதெனில், அக்கடிகாரத்தின் வில்லே இவ்வுண்மையை அறிந்திருக்கிறது. போதிய அளவு முறுக்கேறியதும் வில்லின் வெளிமுனை தன் உறையின் சுவரில் வழுக்கி விலகிவிடும்; அதற்குமேல் எத்துணைச் சுழற்றினும் அஃது ஏற்காது. போதும் என்று சொல்லத் தெரிந்த பொருளை, போதும் என்று சொல்லத் தெரியாத நாம் சேர்த்து வைக்கிறோம்.

காலம் என்பதுதான் யாது? அது தனி ஒருவரின் உடைமை அன்று. பலர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. ஒரே இரவில் அங்குள்ள கடிகாரங்கள் திருத்தப்பட வேண்டியவை ஆயின. தன் பழைய நேரத்தையே பிடித்து நின்ற கடிகாரம் பழுதின்றி ஓடியும் தவறிய கடிகாரமே ஆயிற்று. மணி பார்த்தல் என்பது பிறரோடு நாம் கொண்ட சொல்லைக் காத்தல். தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடியதும், ஆசிரியர் பள்ளி மணி அடித்ததும் அதன்பொருட்டே.

ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில் நிற்கும் மணிக்கூண்டை நம்மில் பலர் கண்டிருப்போம். விக்டோரியா அரசியார் ஆட்சியின் 60ஆம் ஆண்டை முன்னிட்டு, 1897இல் சியா சென் ஈயோக் என்னும் சீனச் செல்வர் வழங்கிய கொடை அது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் சற்றே சாய்ந்தும் நிற்கிறது. அரசியாரைப் போற்ற எழுந்ததேனும், கூலியாளும் படகோட்டியும் கடைக்காரரும் அண்ணாந்து பார்க்க அஃது ஒன்றே போதியதாயிற்று. ஒரு கடிகாரம் ஊர் முழுமைக்கும் மணி காட்டியதையும், ஆறு கடிகாரங்கள் ஒருவருக்கும் மணி காட்டாது சுழல்வதையும் ஒப்பிட்டால், செல்வம் எங்கே வாழ்கிறது, எங்கே வெறுமனே அசைகிறது என்பது விளங்கும்.

நின்றுபோன கடிகாரம் நேர்மையானது என்பேன். நீ என்னைப் பல நாளாகத் தொடவில்லை என்னும் உண்மையை அது தன் முகத்திலேயே காட்டி நிற்கிறது. சுழலும் பெட்டி அவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. நம் புறக்கணிப்பு நமக்கே தெரியாமற் போகிறது. பெட்டியின் விலையைவிடப் பெரிய இழப்பு இதுவே.

ஆயினும் அந்தப் பழைய சீக்கோவை இக்கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. அதனைப் பெட்டியில் வைத்தது ஆசையன்று, பிரிவுத் துயரம். தந்தையின் கடிகாரம் நின்றபோது அவர் இரண்டாம் முறை இறந்ததாக மகனுக்குத் தோன்றியிருக்கும். அத்துயரத்தை எள்ளி நகையாடுவது அறமாகாது. எனினும் ஒன்றை அவரிடம் கூறாதிருக்க இயலவில்லை.

"தம்பி, இதை ஏன் நீங்கள் கட்டிக்கொள்வதில்லை?" என்றேன்.

"அச்சமாக இருக்கிறது, ஐயா. கீறல் விழுந்தால், தொலைந்துவிட்டால், பிறகு ஒன்றும் மிஞ்சாதே" என்றார்.

"இக்கீறல்கள் யாவும் உங்கள் அப்பா மரங்களிடையே நடந்தபோது விழுந்தவை. கீறல் விழுமென்று அவர் அஞ்சியிருந்தால், நீங்கள் நினைவென்று போற்ற இதில் என்ன இருந்திருக்கும்?" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தந்தையின் கை தந்த அசைவே அக்கடிகாரத்தின் ஓட்டமாக இருந்தது. அந்த இடத்தை மின்விசை நிரப்புதல் எளிது. மகனின் கை நிரப்புதலே முறை. மகன் அணிந்து நடக்கும்போது கடிகாரம் தேயும், ஒருநாள் பழுதாகும். ஆனால் பழுதுபார்க்கவும், தன் மகனுக்கு அதன் கதையைச் சொல்லவும் அவருக்கு அப்போது வாய்ப்பு உண்டாகும். தேய்மானத்துக்கு அஞ்சிக் காத்தல் பாதிப் பாதுகாப்பே; பயன்படுத்திப் பழுதுபார்த்துக் கைமாற்றிக் கொடுத்தலே முழுப் பாதுகாப்பு.

தமிழாசிரியராகிய நாம் இதனை நம் மொழியோடும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதைக் கொண்டு, 2016இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். விழாக்கள் வேண்டியவையே, போட்டிகளும் மலர்களும் வேண்டியவையே. ஆனால் மேடையிலும் தேர்வுத்தாளிலும் தவறாது சுழலும் தமிழ், வீட்டு உணவு மேசையில் பேசப்படாதெனில், அஃது ஓடுவதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம். அணிந்தவர் ஒருவரும் இரார். குழந்தை பிழையோடு பேசும் தமிழில் கீறல் விழத்தான் செய்யும். அக்கீறலைக் கண்டு அஞ்சி மொழியைக் கண்ணாடிக்குள் வைப்பவர், அதனைக் காப்பவர் ஆகார்.

பொருள் சேர்த்தல் குற்றமென்பது என் கருத்தன்று. உழைத்து உயர்ந்தவர் தாம் விரும்பியதை வாங்கி மகிழட்டும். வாங்கியவற்றுள் எதனோடு வாழ்கிறோம், எதனை ஏமாற்றி ஓடவிட்டிருக்கிறோம் என்று இடையிடையே பெட்டியை நிறுத்திப் பார்க்கட்டும். இரண்டு நாளில் நின்றுபோகும் கடிகாரம் எதுவோ, அதனை அணிய ஒரு கை வேண்டும். நம்மிடம் கை இல்லையெனில், கை உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுதல் கடிகாரத்துக்கும் நன்று, நமக்கும் நன்று.