பட்டியலில் இல்லாத ஊர்

வேதத்தை வாசிப்போர் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதி யோசுவா 15-ஆம் அதிகாரம். யூதா கோத்திரத்தின் சுதந்தரமாகிய 100-க்கும் மேற்பட்ட பட்டணங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக உள்ளன. தேவனுடைய வாக்குத்தத்தம் வெறும் சொல்லாக நின்றுவிடாமல், மக்கள் குடியிருக்கும் ஊர்களாக நிறைவேறிற்று என்பதற்கு அப்பெயர்கள் சாட்சி. வனாந்தரத்திலுள்ள என்கேதியும் உப்புப்பட்டணமும்கூட அங்கே விடுபடவில்லை.

ஆயினும் எபிரெய மூலத்தின் அப்பட்டியலில் யூதாவின் பெத்லகேம் இல்லை. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் அது இடம்பெறுகிறது. நாசரேத்தோ பழைய ஏற்பாடு முழுவதிலும் ஓரிடத்திலும் குறிக்கப்படவில்லை. மீட்பர் பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் மற்றொன்று.

பட்டியலே வேண்டாம் என்பதன்று இதன் பொருள். பெயர் சொல்லி நினைவுகூருவது அன்பின் கடமை. ஆகவேதான் ஊழியக்களங்களைப் பெயர் பெயராகச் சொல்லிச் சபைகள் ஜெபிக்கின்றன. ஆனால் அறிக்கையில் இடம்பெறாத கிராமம் தேவனுடைய நினைவிலும் இடம்பெறாதது என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. மனிதரின் கணக்கு ஊழியத்தின் எல்லையைக் காட்டலாம். கிருபையின் எல்லையைக் காட்டாது. அத்தகைய கிராமத்திற்குள் அடியெடுத்து வைக்கும் ஊழியர் தேவனை அங்கே புதிதாகக் கொண்டுசெல்வதில்லை. தமக்கு முன்பே அங்கு இருப்பவருடைய பணியில் பங்குபெறவே செல்கிறார்.