கல்லாப்பெட்டியும் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஈமான் கொண்ட எவருக்கும் இதில் ஐயமில்லை. ஆனால் அந்த ரிஸ்கைப் பசித்தவன் தட்டில் கொண்டுவந்து வைக்கும் வேலையை அவன் தன் அடியார்களில் சிலரிடம் ஒப்படைத்திருக்கிறான். தெருமுனையில் நாலு பெஞ்சு போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் அவர்களில் ஒருவர். அவருக்காகவும், அவர் வீட்டாருக்காகவும்தான் இந்த மாதம் சில வார்த்தைகள்.

இந்தத் தொழில் நம் சமுதாயத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஆம்பூர் என்றால் பிரியாணி. தெற்கே போனால் பரோட்டா, சால்னா. கடல் கடந்து பினாங்குக்குப் போன நம்மவர்கள் தோளில் தண்டு போட்டு, இரு முனையிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுக்கொண்டு விற்றார்கள். அந்தத் தண்டின் பெயரே சோற்றுக்கும் ஒட்டிக்கொண்டு ‘நாசி கண்டார்’ என்று இன்றுவரை வழங்குகிறது. கடையே இல்லாமல் தொடங்கிய கடை அது! இன்றோ வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் காய்ந்து திரும்பும் தம்பிமார்கள், கையில் இருப்பதையெல்லாம் கண்ணாடிக் கதவுக்கும் விளக்குப் பலகைக்கும் கொட்டிவிட்டு, அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஹஜ்ரத்தை அழைத்து துஆ ஓதுகிறார்கள். எட்டு மாதமோ, ஒரு வருடமோ கழித்துப் பார்த்தால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரியின் நகை அடகில் இருக்கிறது. “பரக்கத் இல்லை ஹஜ்ரத், கண்ணேறு பட்டுவிட்டது” என்கிறார்கள்.

கண்ணேறு உண்மைதான், ஹதீதில் வந்திருக்கிறது. ஆனால் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு அதைப் பேசலாமே!

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு 9,000 ரூபாய் விற்கிறது ஒரு கடை. இறைச்சி, மைதா, எண்ணெய், காய்கறிக்கு 4,000 போகும். மாஸ்டர், உதவியாள், பரிமாறும் பையன் மூவருக்கும் கூலி 2,300. வாடகை 700. கேஸும் மின்சாரமும் 800. இலை, பார்சல் காகிதம், வரி, பழுது பார்ப்பு என்று 400. கூட்டினால் 8,200. மிஞ்சுவது 800 ரூபாய். இரவு பதினொரு மணிக்குக் கல்லாவைத் திறப்பவர் கண்ணுக்கோ 9,000 தெரிகிறது! நேற்று வந்த மச்சானுக்கு 2,000 எடுத்துக் கொடுக்கிறார். மகளுக்கு ஒரு துணி எடுக்கிறார். அவர் கொடுத்தது தன் பணத்தையா? இல்லை. கறிக்கடைக்காரருடைய பணத்தை, மாஸ்டருடைய கூலியை, கட்டிட உரிமையாளரின் வாடகையை. கல்லாவில் இருக்கும் ரூபாயில் பெரும்பகுதி பிறருடைய அமானிதம். இப்போது பாதிப் பணம் செல்போன் வழியாக வந்து, வீட்டுச் செலவுக்கு எடுக்கிற அதே வங்கிக் கணக்கில் விழுகிறது. எது கடை, எது வீடு என்றே தெரியாமல் போய்விட்டது.

ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கிலாபத் பொறுப்பு வந்ததும் வியாபாரத்துக்கு நேரமில்லாமல் போயிற்று. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பைத்துல்மாலிலிருந்து அளவு குறித்துக் கொடுக்கப்பட்டது. பொக்கிஷமே கையில் இருந்தும், வரையறுத்ததைக் கொண்டு அந்தக் குடும்பம் வாழ்ந்தது. சின்ன ஹோட்டல் முதலாளி இதைச் செய்யலாகாதா? தனக்கும் ஒரு கூலி குறித்துக்கொள்ளட்டும். 500 என்றால் 500. வீட்டில் உள்ள தாய்மார்களும் கடைக்குப் பையனை அனுப்பி, “அத்தாவிடம் 300 ரூபாய் வாங்கி வா” என்று சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். கடை மூழ்கிய வீடுகள் பலவற்றில் இந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் ஏறியது.

இனி அளவை. கிலோ மைதாவுக்கு 18 பரோட்டா போட்டுக்கொண்டிருந்த கடையில், விலைவாசி ஏறியதும் சத்தமில்லாமல் 22 ஆகிவிடும். விலையும் பெயரும் பழையபடியே இருக்கும். அளவில் குறைப்பவர்களைப் பற்றித் திருமறையில் ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது, ‘முதஃப்பிஃபீன்’ என்ற பெயரில். சிறிதாகப் போடுவது ஹராமா என்று கேட்பார்கள். சிறிதாகப் போடலாம், விலைப்பலகையில் அதை அறியச் செய்யுங்கள், அல்லது இரண்டு ரூபாய் ஏற்றிப் பழைய எடையிலேயே போடுங்கள். வாடிக்கைக்காரர் விலை ஏறியதற்கு முகம் சுளிப்பார், மறுநாளும் வருவார். ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்தவர் ஒன்றும் சொல்லமாட்டார், பணம் கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வரமாட்டார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் நடந்து செல்கையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழை பெய்துவிட்டது என்றார் அந்த வியாபாரி. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடிந்தார்கள். சகோதரர்களே! அந்தக் கரம் இன்று நம் சமையற்கட்டுக்குள் வந்தால் எதையெல்லாம் தொடும்? நேற்றைய சால்னாவின்மேல் ஊற்றிய இன்றைய சால்னாவையா? கறுத்துப்போன எண்ணெய்ச் சட்டியையா? குளிர்ப்பெட்டிக்குள் மூன்று நாளாகக் கிடக்கும் கோழியையா?

பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பப் பொரித்தால் அதில் கேடான பொருள்கள் சேர்கின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து நம் நாட்டில் சட்டமே உண்டு. சோற்றின் விஷயம் இன்னும் கவனிக்கத் தக்கது. வடித்த சோற்றை ஆறவிட்டு மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அதில் ஒரு கிருமி பெருகி விஷம் சுரக்கும். சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் சாவதில்லை. “கொதிக்க வைத்துவிட்டோமே” என்பது இங்கே பதிலாகாது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஒரு தட்டு உணவை மிச்சப்படுத்தப் போய் ஓர் உயிரின் கணக்கை ஏற்க நேர்ந்தால் மஹ்ஷரில் என்ன சொல்வோம்? இரவில் மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காதீர்கள். கடை அடைக்கும்போதே, சூடு ஆறுமுன், கேட்டு வருகிற ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். நல்லதாக இருக்கும்போது கொடுப்பதுதான் ஸதகா.

பெயர்ப்பலகையில் ‘ஹலால்’ என்று எழுதுகிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு, நூறு கோழிகளை அவசர அவசரமாக அறுக்கும் இடத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லப்படுகிறதா, முறைப்படி அறுக்கப்படுகிறதா என்று எத்தனை முதலாளிகள் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? சிலர் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே என ஸஹாபாக்கள் கேட்டபோது, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீது இருக்கிறதே என்பார்கள். அது உண்பவருக்குச் சொன்ன ஆறுதல். காசு வாங்கிக்கொண்டு ‘ஹலால்’ என்று எழுதி விற்கிறவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. மாதம் ஒருமுறையாவது பஜ்ருக்கு முன் எழுந்து அறுக்குமிடம் போய்வாருங்கள்.

வீட்டுக்கு என்று வாங்கிய 14.2 கிலோ சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவதும் இந்த வகைதான். கடைக்குரியது 19 கிலோ சிலிண்டர். எல்லாரும் செய்கிறார்கள் என்பது ஷரீஅத்தில் ஆதாரமாகாது.

சிப்பந்திகளிடம் வருவோம். இந்தத் தொழில் நிலைப்பதும் சாய்வதும் அவர்கள் கையில்தான். மாஸ்டர் ஒரு நாள் வராவிட்டால் முதலாளிக்கு உயிர் போகிறது. வந்துவிட்டால் அவர் மரியாதை போகிறது! வாடிக்கைக்காரர்கள் முன்னால் “டேய்” என்று கத்துகிறவர்களைப் பார்க்கிறோம். பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறைகூட ‘சீ’ என்று அவர்கள் சொன்னதில்லை என்கிறார்கள். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளை உடன் உட்காரவைத்து உண்ணச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு கவளமாவது அவர் கையில் கொடுங்கள், அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவரல்லவா என்று நாயகம் (ஸல்) காரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். பரோட்டாக் கல்லின் முன் ஆறு மணி நேரம் நிற்பவரைத்தான் நினைத்துச் சொன்னார்களோ என்று தோன்றும். அவருக்குப் பழைய சோறும் வாடிக்கைக்காரருக்குச் சுடுசோறும் என்றிருந்தால் இந்த ஹதீதை எங்கே வைப்பது?

இப்போது பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பையன்கள் வந்து நம் கடைகளில் வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாது, யாரிடம் முறையிடுவது என்றும் தெரியாது. ஓடிப்போய்விடுவார்கள் என்று சொல்லி இரண்டு மாதக் கூலியைப் பிடித்து வைக்கிறார்கள் சிலர். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் கூறுவதாக ஹதீது குத்ஸியில் வந்திருக்கிறது. அந்த எதிரியிடம் வழக்காட எந்த வக்கீலை வைப்போம்? முதல் வரிசையில் தொழும் முதலாளி, தன் கடைப் பையன் தொழுதானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். லுஹர் வேளை சாப்பாட்டுக் கூட்டம் நெரிகிற வேளை; ஜமாஅத்துக்கு ஒருவர் பின் ஒருவராக அனுப்பலாம், அதுவும் முடியாத நாளில் கூட்டம் குறைந்ததும் அஸருக்கு முன் பின்கட்டில் ஒரு பாய் விரித்துக் கொடுக்கலாம். ஜும்ஆவில் இந்த வசதி இல்லை. பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விடும்படி திருமறை ஆணையிடுகிறது. ஒரு மணி நேரம் மூடியிருக்கும் என்று பலகை தொங்கவிடுங்கள். பிற சமயச் சகோதரர்களும் அதைப் புரிந்துகொண்டு காத்திருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

கையிருப்புக் குறையும்போது தண்டல்காரர் வருவார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். நாள் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் திரும்பிக்கொண்டே இருப்பதால், வருடக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 75-க்கு மேல் வட்டி அது! 800 ரூபாய் மிஞ்சுகிற கடையில் அப்படி மூன்று தண்டல் சேர்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்? வட்டியை விடாதவருக்கு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்திருக்கிறார்கள் என்பதை நாம் பயானில் கேட்கிறோம். இது துன்யாவிலேயே தெரிகிற தோல்வி. பணமுள்ள ஒருவரைக் கூட்டாளியாகச் சேருங்கள். முளாரபாவில் முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது; லாபத்தைப் பேசியபடி பங்கிடுவது; உழைப்பவர் மேல் குற்றமில்லாதபோது நஷ்டம் முதலோடு போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். கதீஜா நாயகியின் (ரலி) சரக்குடன் நம் நாயகம் (ஸல்) ஷாம் தேசம் சென்றது இவ்வகை உறவில்தான். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்! கடனை எழுதிவைக்கச் சொல்லும் ஆயத்தே திருமறையின் மிக நீளமான ஆயத்து. “மச்சானிடம் என்ன எழுதுவது” என்று கூசியவர்கள்தாம் பின்னால் ஜமாஅத்தில் வந்து நிற்கிறார்கள்.

ரமளானில் பகலெல்லாம் அடுப்பு மூடியிருக்கும். மாலையில் சமூஸாவும், ஸஹருக்குச் சாப்பாடும் விற்றாலும் பழைய வரவு வராது. அதனால்தான் சில கடைகளில் ஷஅபான் கடைசியில் சிப்பந்திகளைக் கூலியின்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெருநாள் வருகிற மாதத்தில் அவன் பிள்ளைகளுக்குக் கையில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன 800-இல் நாளுக்கு 200 ரூபாயைத் தனிப் பையில் போட்டுவாருங்கள். பதினொரு மாதத்தில் ஏறக்குறைய 65,000 சேரும். கூலியில் பெரும்பகுதிக்கு அது காணும். மீதியை மாலை வியாபாரம் தாங்கும். ஷஅபான் பிறை 15-இல் அந்தப் பையை எண்ணிப் பாருங்கள். ஊருக்குப் போகும் பையனின் ரயில் சீட்டுக்கும் அதிலேயே எடுத்து வையுங்கள்.