யார் பேச்சு காதில் விழுகிறது?

ஒரு உயிரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க, அதற்கு என்ன தகுதி இருக்க வேண்டும்? படிப்பா, மொழியா, உடுத்தியிருக்கும் சேலையா? குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் மருத்துவத்தை வைத்தே இதை யோசிக்கலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹைடலிசே ஆல்ஸ் என்கிற உளவியலாளர் 1980களில் ஒரு பராமரிப்பு முறையை உருவாக்கினார். இன்குபேட்டரில் கிடக்கிற ஒரு கிலோ குழந்தையும் பேசுகிறது என்பது அதன் அடிப்படை. விரல்களை விரித்து விறைத்தால், முகத்தைத் திருப்பினால், 'போதும், விடு' என்று அர்த்தம். கையை வாய்க்குக் கொண்டுபோனால் தன்னையே தேற்றிக்கொள்கிறது. அதைக் கவனித்து விளக்கைத் தணிக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும், கூடுமானவரை தூக்கத்தைக் கெடுக்காமல் ஊசி போட வேண்டும். இதன் நீண்டகாலப் பலன் பற்றி மருத்துவர்களுக்குள் விவாதம் உண்டு. ஒரு கிலோ உயிரையும் ஒரு 'ஆளாக' மதிக்கச் சொல்கிற அறத்தில் எனக்கு விவாதமில்லை.

என் கேள்வி அந்தக் குழந்தையின் அம்மாவைப் பற்றியது.

எங்க வெள்ளானூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிற என் சின்னம்மா மகளுக்கு எட்டாம் மாசமே வலி கண்டுவிட்டது. ஆவடி போய், அங்கிருந்து ஒரு ஆஸ்பத்திரி. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, இவள் வராந்தாவிலே. "புள்ளய ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கிறம்மா"ன்னு கேட்டதற்கு, "கையக் கழுவுற சனமா நீங்க?"ன்னு பதில். அந்தக் குரல் நம்ம எல்லாருக்கும் பழக்கமானதுதான். விரல் பேசுவதைக் கேட்கக் கற்ற மருத்துவம் இருக்கிற காலத்தில்தான், வாய்விட்டுக் கேட்டவளின் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

தாயை உள்ளே விடுவது வெறும் இரக்கமென்று நினைக்கிறார்கள். அது வைத்தியம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். 'கங்காரு பராமரிப்பு' அந்த இல்லாமையில் பிறந்த அறிவு. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயோடு சேர்த்தபோது, முதல் 28 நாளில் 12 சதவீதம் இறந்தன. நிலை தேறும்வரை காத்திருந்து சேர்த்தபோது 15.7 சதவீதம். இதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிய தோலும் மருந்துதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் அப்படி அணைத்திருக்கச் சொன்னது. சரி, அந்த மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? 2017இல் சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு என்று சட்டம் திருத்தினார்கள். மேஸ்திரி கையால் தினக்கூலி வாங்குகிறவளுக்கு அது எட்டுகிறதா?

குழந்தையைத் தனி ஆளாகப் பார்த்துவிட்டுத் தாயைச் 'சனம்' என்று கும்பலாகப் பார்ப்பது அரை அறம். அவளுக்குக் கட்டில், சோறு, கூலி, மரியாதையான ஒரு வார்த்தை, இத்தனையும் அந்தக் குழந்தைக்கான சிகிச்சைதான். மருந்தைக் கேட்பதுபோல இவற்றையும் உரிமையோடு கேட்போம்.