கிழக்கு வாசல் செருப்பு

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில் கிழக்கு வாசல் வழியே நுழைந்தவர்கள் அவ்வழியே திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரம்மஹத்தி அங்கேயே காத்திருக்க, அவன் மேற்கு வாசலால் வெளியேறித் தப்பினான் என்பது தலபுராணம். அவன் குதிரையின் காலடியில் சிக்கி இறந்த அந்தணரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பேச்செல்லாம் தோஷத்தைப் பற்றித்தான்.

“இதையெல்லாம் நான் நம்புறதில்லை” என்று கும்பகோணத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தார் நண்பர். தரிசனம் முடிந்ததும் அவர் கால்கள் தாமாகவே வேறு பக்கம் திரும்பின. கேட்டால், “மூகாம்பிகை சன்னதி இந்தப் பக்கம்தானே!” என்றார். முடிவெடுத்தது பயம், காரணம் கண்டுபிடித்தது வாய்.

செருப்பு கிழக்கு வாசலில் கிடந்தது. எடுத்து வர என்னைத்தான் அனுப்பினார்.